பேசியது எது, பேசாதது எது?

வாசகர் கேள்வி – பதில்

இந்த இதழில் பதில் சொல்பவர், எஸ்டிமேட் போடும் வேலையில் தொடங்கி, இன்று சேலத்திலும் ஏற்காட்டிலும் சொந்தமாக வீடு கட்டிக் கொடுக்கும் பெண் பொறியாளர். வேலை தொடங்கும் முன் எதைப் பேச வேண்டும், எதை எழுத வேண்டும் என்பது பற்றி வந்த கடிதங்களை மட்டும் இம்முறை எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: சிவில் முடித்துவிட்டு அஸ்தம்பட்டி பக்கம் சொந்தமாக வீடு கட்டிக் கொடுக்கிறேன். ஒரு வீட்டுக்குச் சதுர அடி ரேட் பேசி அட்வான்ஸ் வாங்கினேன். தளம் போட்டாயிற்று. இப்போது வீட்டுக்காரர் சம்ப் (தரைக்கு அடியில் கட்டும் தண்ணீர்த் தொட்டி), காம்பவுண்ட் சுவர், கேட், முன்பக்க எலிவேஷன் (முகப்பு அலங்காரம்) எல்லாமே அந்த ரேட்டில் சேர்ந்தது என்கிறார். "வீடு கட்டித் தர்றேன்னுதானே சொன்னீங்க, சம்ப் இல்லாம என்ன வீடு?" என்று கேட்கிறார். எழுத்தில் எதுவும் இல்லை. கைக்காசைப் போட்டு முடிப்பதா, வேலையை நிறுத்துவதா?
– இளம் ஒப்பந்ததாரர், சேலம்

பதில்: தம்பி, வேலையை நிறுத்தாதீர்கள். தளம் போட்ட வீட்டை அப்படியே விட்டு வந்தால் உங்கள் பெயர்தான் கெடும், காரணத்தை யாரும் விசாரிக்க மாட்டார்கள். கைக்காசைப் போட்டு வாயை மூடிக்கொண்டு முடிப்பதும் வேண்டாம். அந்த மனக்கசப்பு கடைசியில் பூச்சிலும் டைல்ஸிலும் வந்து நிற்கும்.

உங்கள் வீட்டுக்காரர் பொய் சொல்கிறார் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். மனை வாங்கிய நாளிலிருந்தே அவர் மனதில் ஒரு வீடு நிற்கிறது. அதற்கு கேட் இருக்கிறது, காம்பவுண்ட் சுவர் இருக்கிறது, மோட்டார் போட்டால் டேங்க் நிரம்புகிறது. நீங்கள் பார்த்தது பிளானில் இருக்கும் பரப்பளவை. இருவரும் உண்மையாகத்தான் பேசினீர்கள், ஆனால் வேறு வேறு வீட்டைப் பற்றி. நான் பார்த்த வரையில் வீட்டு வேலைத் தகராறுகளில் பெரும்பாலானவை இப்படித்தான் ஆரம்பிக்கின்றன. ஏமாற்றும் எண்ணத்தில் ஆரம்பிப்பவை குறைவு.

சதுர அடி ரேட் என்பதே பாதிப் பேச்சு. எந்தச் சதுர அடி? சுவரோடு சேர்த்த பரப்பா, உள் அளவா? பால்கனி முழுசாகக் கணக்கா, பாதியா? போர்டிகோ? மாடிப்படிக்கு மேலே வரும் ஹெட்ரூம்? சன்ஷேடு? சேலத்தில் நான்கு பேரிடம் கேட்டால் நான்கு விதமாகச் சொல்வார்கள், நான்குமே நடைமுறையில் இருப்பதுதான். ரேட்டைக் குறைத்துச் சொன்னவர் ஹெட்ரூமையும் சன்ஷேடையும் முழுசாகச் சேர்த்து அளந்தால், கூடச் சொன்னவரைவிட அவருடைய மொத்தம் அதிகமாகப் போய்விடும். அதனால் ரேட்டைச் சொல்வதற்கு முன்பே அளக்கும் முறையைச் சொல்லிவிடுங்கள். "அவர் நூறு ரூபாய் கம்மியா சொன்னாரே" என்ற பேச்சும் அதோடு நின்றுவிடும்.

நான் கொடுக்கும் கொட்டேஷனில் முதல் பக்கம் செய்யும் வேலை. இரண்டாம் பக்கத்தின் தலைப்பே 'இதில் சேராதவை'. என்னைக் கேட்டால் இரண்டாம் பக்கம்தான் முக்கியம். செய்யப்போகும் வேலையைப் பற்றி எல்லோரும் ஆசையாகப் பேசிவிடுகிறார்கள். செய்யாத வேலையைப் பற்றி வாய் திறந்தால் ஆர்டர் வேறு ஆளுக்குப் போய்விடுமோ என்று பயம். அந்தப் பயத்தில் விழுங்கிய ஒவ்வொரு வரியும் தளம் போட்ட பிறகு வெளியே வரும்.

அந்தப் பக்கத்தில் என்ன எழுதுவேன் என்று சிலவற்றைச் சொல்கிறேன். போர்வெல் போடுவது, மோட்டார், அதற்கான கேபிள் வீட்டுக்காரர் பொறுப்பு. தற்காலிக மின் இணைப்பு, நிரந்தர இணைப்புக்கான டெபாசிட், பிளான் அப்ரூவல் கட்டணம் அவருடையது, அலைச்சல் என்னுடையது. பேஸ்மெண்ட்டில், அதாவது தரைமட்டத்துக்கு மேலே வீட்டை உயர்த்தும் அடிப்பகுதியில், மண் நிரப்புவது 3 அடி உயரம் வரை சேரும், அதற்கு மேல் லோடுக்கு இவ்வளவு. காம்பவுண்ட் சுவர் சேரவில்லை. வேண்டுமென்றால் 5 அடி உயரம், இரு பக்கப் பூச்சு, ரன்னிங் அடிக்கு இவ்வளவு. மாடுலர் கிச்சன், வார்ட்ரோப், ஃபேன், லைட், ஹீட்டர் சேரவில்லை. அவற்றுக்கான ஒயரிங் பாயிண்ட் சேரும், எத்தனை பாயிண்ட் என்று பிளானில் குறித்திருக்கிறது. டைல்ஸ் அடக்க விலை சதுர அடிக்கு 60 ரூபாய் வரை சேரும், அதற்கு மேல் எடுத்தால் வித்தியாசம் அவர் கொடுப்பார், கீழே எடுத்தால் நான் கழித்துக் கொடுப்பேன். ஜி.எஸ்.டி. சேர்த்தா, தனியா என்பதும் அங்கேயே இருக்கும்.

கவனித்தீர்களா? 'சேரவில்லை' என்று எழுதி நிறுத்துவதில்லை. பக்கத்திலேயே 'வேண்டுமென்றால் இவ்வளவு' என்று போட்டுவிடுகிறேன். அப்போது அது மறுப்பாகத் தெரியாது. செய்வதா வேண்டாமா என்று அவர் வீட்டில் உட்கார்ந்து பேசி முடிவெடுத்துக்கொள்ளலாம்.

சம்ப் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். 'ஆறுக்கு ஆறு சம்ப்' என்று வாயால் பேசிவிடுகிறோம். உள் அளவு ஆறடி நீளம், ஆறடி அகலம், ஆறடி ஆழம் என்றால் 216 கன அடி, அதாவது 6,100 லிட்டர் சுமாராக. அதே ஆறடியை வெளி அளவாக எடுத்து 9 அங்குலச் சுவர் வைத்தால், உள்ளே நாலரைக்கு நாலரைதான் கிடைக்கும். ஆழம் ஆறடியே இருந்தாலும் 121 கன அடி, 3,400 லிட்டர்தான் பிடிக்கும். ஒரே பேச்சு, தண்ணீரோ கிட்டத்தட்ட பாதி. அதிலும் மேல்விளிம்பு வரை தண்ணீர் நிற்காது. கோடையில் எத்தனை நாளுக்கு ஒருமுறை குழாயில் தண்ணீர் வரும் என்று எண்ணிப் பார்க்கும் குடும்பத்துக்கு இது சின்ன விஷயமா? சம்பை அடிக்கணக்கில் பேசாதீர்கள். 'குறைந்தது இத்தனை லிட்டர் நிற்க வேண்டும்' என்று எழுதுங்கள். வீட்டுக்காரருக்கு வேண்டியதும் அந்த லிட்டர்தான்.

சரி, இப்போது என்ன செய்வது? இந்த வாரமே அவர் வீட்டுக்குப் போங்கள், சைட்டில் நின்று பேசாதீர்கள். ஒரு தாளில் இதுவரை செய்த வேலை, இருவருக்கும் சந்தேகமில்லாமல் பாக்கியிருக்கும் வேலை, தகராறில் இருக்கும் வேலை என்று பிரித்து எழுதுங்கள். தகராறில் உள்ள ஒவ்வொன்றுக்கும் அளவும் அடக்கச் செலவும் போடுங்கள். எதை லாபமில்லாமல் அடக்கத்துக்கே செய்து தர முடியும் என்று கிளம்புவதற்கு முன் நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள். சம்பை அப்படிச் செய்யலாம் என்பது என் எண்ணம், அது இல்லாமல் அவர் குடிபோக முடியாது. எலிவேஷனும் கேட் வேலையும் பிறகு செய்தாலும் ஒன்றும் ஆகிவிடாது. பேசி முடித்ததும் அதே தாளில் இருவரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கு ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பீர்கள். வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டத்தில் 70-ஆவது பிரிவு, இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல் ஒருவர் முறைப்படி செய்த வேலையின் பலனை இன்னொருவர் அனுபவித்தால், அவர் அதற்கு ஈடு கொடுக்க வேண்டும் என்கிறது. வாட்ஸ்அப் செய்திகளும் ஆதாரமாகும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டம், உரிய சான்றிதழோடு தாக்கல் செய்யும் மின்னணுப் பதிவுகளை ஏற்கிறது. அதனால் பழைய செய்திகளை அழிக்காதீர்கள். ஆனாலும் கோர்ட்டுக்குப் போய் முடிவு வருவதற்குள் நீங்கள் இன்னும் சில வீடுகளைக் கட்டிவிடலாம். அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போவதே நல்லது.

அடுத்த வேலையில் இன்னொன்றையும் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். நடுவில் கேட்கும் வேலைக்கு, கேட்ட அன்றைக்கே விலை சொல்ல வேண்டும். "படிக்குக் கீழ ஒரு டாய்லெட் வந்துட்டா நல்லா இருக்கும்" என்பார்கள். கேட்பவருக்கு அது ஒரு கோப்பையும் ஒரு கதவும்தான். நமக்கோ தரையை இறக்கி வாட்டர் புரூஃபிங் செய்ய வேண்டும், பைப் லைன் இழுக்க வேண்டும், வெளியே ஒரு சேம்பர் கட்ட வேண்டும், டைல்ஸ், வென்டிலேட்டர், ஒயரிங், பிளம்பருக்கு மறுபடி கூலி, கூடவே ஒரு வாரம் தாமதம். இதை அன்றைக்குச் சொன்னால் அவர் யோசிப்பார். பைனல் பில்லில் சொன்னால், தலையில் கட்டிவிட்டதாகத்தான் நினைப்பார். அவர் இடத்தில் நானிருந்தாலும் அப்படித்தான் நினைப்பேன்.

கார்பன் வைத்த பில் புத்தகம் ஒன்று சைட்டில் எப்போதும் இருக்கட்டும். என்ன மாற்றம், எவ்வளவு பணம், எத்தனை நாள் கூடும் என்று எழுதி, கையெழுத்து வாங்கிய பிறகு கொத்தனாரிடம் சொல்லுங்கள். பணத்தை எழுதுபவர்கள் நாள் கணக்கை எழுத மறந்துவிடுகிறார்கள். கிரகப்பிரவேசத்துக்குப் பத்திரிகை அடித்த பிறகுதான் அந்த ஒரு வாரம் பூதாகரமாகத் தெரியும். மத்தியப் பொதுப்பணித் துறையின் ஒப்பந்த நிபந்தனைகளில் 12-ஆவது பிரிவு முழுக்க இந்த மாற்ற வேலைகளையும் அவற்றுக்கு விலை போடுவதையும் பற்றியதுதான். அவ்வளவு பெரிய துறைக்கே அது தேவைப்படுகிறது.

கேள்வி: பூச்சு அளக்கும்போது ஜன்னல், கதவு இடங்களைக் கழிக்க வேண்டுமா? மேஸ்திரி கழிக்கக் கூடாது என்கிறார். வீட்டுக்காரர் முழுசாகக் கழிக்கச் சொல்கிறார்.
– வாசகர், ஆத்தூர்

பதில்: இருவர் சொல்வதும் சரியில்லை. ஐ.எஸ். 1200 என்ற இந்தியத் தர அளவீட்டு முறையில் 12-ஆம் பகுதி பூச்சு வேலைக்கானது. 0.5 சதுர மீட்டர், அதாவது ஐந்தரைச் சதுர அடி அளவுக்கு உட்பட்ட திறப்புகளைக் கழிப்பதில்லை. அதற்கு மேல் 3 சதுர மீட்டர் வரை, இரு பக்கமும் ஒரே பூச்சு என்றால் ஒரு பக்கத்தை மட்டும் கழிக்க வேண்டும். ஓரப் பூச்சுக்குத் தனியாகச் சேர்ப்பதில்லை. 3 சதுர மீட்டருக்கு மேல் போனால் இரு பக்கமும் கழித்து, ஓரங்களைத் தனியாக அளந்து சேர்க்க வேண்டும். வழக்கமான நாலுக்கு நாலு ஜன்னல் 16 சதுர அடி, கிட்டத்தட்ட 1.5 சதுர மீட்டர். அதனால் ஒரு பக்கம் கழிவு. ரேட் பேசும்போதே 'அளவு ஐ.எஸ். 1200 படி' என்று ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள். வேறு முறையில் அளப்பதானாலும் தவறில்லை, அதை முதலிலேயே எழுதிவிட்டால் போதும்.

கேள்வி: ஏற்காட்டில் வாங்கிப் போட்டிருந்த சிறிய நிலத்தில் ஒரு வீடு கட்டச் சேலத்து ஒப்பந்ததாரர் ஒருவரிடம் கொடுத்தோம். 'எல்லாம் சேர்த்து ஒரே தொகை' என்று பேசியவர், இப்போது தடுப்புச் சுவர் தனி, ஏற்றுக்கூலி தனி, பாறை வந்துவிட்டது அதற்கும் தனி என்கிறார். எங்களை ஏமாற்றுகிறாரா?
– ஓய்வு பெற்ற ஆசிரியை, சேலம்

பதில்: டீச்சர், உங்கள் கடிதத்தை மட்டும் வைத்து அவரைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் மலையில் 'எல்லாம் சேர்த்து ஒரே தொகை' என்று யார் சொன்னாலும் ஒப்புக்கொள்ளக் கூடாது. மண்ணைத் தோண்டிப் பார்க்காமல் அப்படியொரு தொகையை நேர்மையாகச் சொல்ல யாராலும் முடியாது.

சேர்வராயன் மலை சார்னோகைட் பாறைமேல் மண் போர்த்திய இடம். மண் எங்கே எவ்வளவு கனம் என்று மேலே நின்று பார்த்தால் தெரியாது. மனையின் ஒரு மூலையில் கடப்பாரை நாலடி இறங்கும், எதிர் மூலையில் ஒரு அடியிலேயே 'டங்' என்று நிற்கும். வெடி வைத்து உடைப்பது உரிமமும் அனுமதியும் இல்லாமல் கூடாது, ஆள் வைத்து உடைத்தால் நாள்கணக்கில் ஆகும். அந்தச் செலவை முன்கூட்டியே ஒரே தொகையில் அடக்குபவர் ஒன்று பயந்து அதிகமாகப் போட்டிருப்பார், இல்லையென்றால் பாறை வந்த பிறகு உங்களிடம் வந்து நிற்பார்.

அதனால் மலை வேலையை இரண்டாகப் பிரித்துப் பேச வேண்டும். பெல்ட் மட்டத்துக்கு, அதாவது அஸ்திவாரத்தின் மேல் போடும் கான்கிரீட் பட்டைக்கு, மேலே வரும் வீடு ஒரே தொகை. அதற்குக் கீழே போகும் மண்வெட்டு, பாறை உடைப்பு, கருங்கல் கட்டு, தடுப்புச் சுவர் எல்லாம் கன மீட்டருக்கு இவ்வளவு என்ற ரேட். மண்ணுக்கு ஒரு ரேட், பாறைக்கு ஒரு ரேட். வேலை ஆக ஆக, இருவரும் பக்கத்தில் நின்று டேப் பிடித்து அளந்து, நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மூடுவதற்கு முன் அளக்க வேண்டும் என்பது முக்கியம், மண் போட்டு மூடிய அஸ்திவாரத்தைப் பிறகு யாரும் அளக்க முடியாது.

தடுப்புச் சுவரில் ஒன்றைக் கட்டாயம் கேளுங்கள். நீர் வடியும் துளைகளும், சுவருக்குப் பின்னால் போடும் ஜல்லி நிரப்பும், மேலே தண்ணீரை ஒதுக்கும் வடிகாலும் அந்த ரேட்டில் சேர்ந்தவையா? மழைக்காலத்தில் சுவருக்குப் பின்னால் தேங்கும் தண்ணீர்தான் சுவரைத் தள்ளும். காசு குறைக்க வேண்டுமென்றால் வேறெதில் வேண்டுமானாலும் குறையுங்கள், இதில் வேண்டாம்.

ஏற்றுக்கூலிக்கு வருவோம். சேலத்திலிருந்து மேலே போக 20 கொண்டை ஊசி வளைவுகள். அதைத் தாண்டிப் பெரிய லாரி வந்தாலும், தோட்டத்துக்குள் போகும் பாதையில் திரும்ப முடியாது. ரோட்டோரம் இறக்கி, சின்ன வண்டியில் மாற்றி, கடைசித் தூரம் தலைச்சுமை. இது உண்மையான செலவுதான். ஆனால் உங்கள் நிலத்தை நேரில் பார்த்தவருக்கு முதல் நாளே தெரிந்திருக்க வேண்டிய செலவு. பாறை யாருக்கும் தெரியாது, பாதை எல்லோருக்கும் தெரியும். நானாக இருந்தால் பாறைக்கு அளந்து பணம் கொடுப்பேன், ஏற்றுக்கூலியை அவர் ஏற்க வேண்டும் என்று பேசுவேன்.

நாள் கணக்கையும் இப்போதே திருத்தி எழுதுங்கள். மழையில் மலைப்பாதை பழுதானால் குப்பனூர் வழியாகச் சுற்றி வர வேண்டியிருக்கும். மே மாதம் கோடை விழா சமயத்தில் சுற்றுலா வண்டிகளுக்கு நடுவே லோடு வண்டி நகராது. மலையிடப் பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்ட ஊர் என்பதால் கட்டட அனுமதி கிடைக்க, கீழே சமவெளியில் ஆகும் காலத்தைவிட அதிகமாகும். அனுமதி வாங்குவது யார் பொறுப்பு, தாமதமானால் ரேட் மாறுமா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். அவர் நல்லவராக இருந்தால் இந்தக் கேள்விகளால் அவருக்கும் நிம்மதிதான்.

கேள்வி: நான் சாஃப்ட்வேர் செய்பவன். செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசு வியாபாரிக்கு 'பில்லிங் சாஃப்ட்வேர்' என்று பேசி முடித்துக் கொடுத்தேன். டெமோ காட்டியபின் "ஆளுக்குக் கொடுத்த வெள்ளிக் கணக்கு எங்க? சேதாரம் எங்க? செல்லுல வருமா?" என்று தினமும் ஒன்று கூடுகிறது. பாதிப் பணம் நிற்கிறது. கட்டட வேலைக்காரரிடம் இதைக் கேட்கலாமா?
– வாசகர், சேலம்

பதில்: தாராளமாகக் கேளுங்கள் தம்பி, எல்லாம் ஒரே வியாதிதான்.

கொலுசு வியாபாரத்தில் ரூபாய்க் கணக்கு இரண்டாவதுதான், கிராம் கணக்குத்தான் முதலில். வெள்ளி உருக்குவது ஓரிடம், கம்பி இழுப்பது ஓரிடம், சங்கிலி கோர்ப்பது இன்னொரு வீடு, பற்றவைப்பதற்கும் மெருகு போடுவதற்கும் வேறு ஆள். ஒவ்வொரு கையிலும் எடை போட்டுக் கொடுத்து, எடை போட்டு வாங்குகிறார்கள். டச் (வெள்ளியின் சுத்தம்) எவ்வளவு, சேதாரம் எவ்வளவு, கூலி எவ்வளவு, யார் கையில் எத்தனை கிராம் பாக்கி என்பதுதான் அவருக்கு ராத்திரி தூக்கம் தரும் கணக்கு. உங்களிடம் 'பில்லிங்' என்று சொன்னபோது அவர் நினைத்தது அந்த நோட்டுப் புத்தகத்தை. நீங்கள் நினைத்தது கடையில் கொடுக்கும் ரசீதை.

இனி எந்த வேலையானாலும், கொட்டேஷன் போடுவதற்கு முன் அவருடைய நோட்டைப் பாருங்கள். பத்து நாள் பதிவுகளை அவர் சம்மதத்தோடு நகல் எடுத்து, 'இந்தப் பத்து நாள் கணக்கை உள்ளே போட்டால், நோட்டில் இருக்கும் அதே மீதி கிராம் வர வேண்டும். வந்தால் வேலை முடிந்தது' என்று எழுதிக்கொள்ளுங்கள். 'நல்லா வேலை செய்யணும்', 'ஈஸியா இருக்கணும்' என்றெல்லாம் எழுதினால் அதற்கு எல்லையே கிடையாது. மீதி கிராம் சரியா தவறா என்பதில் இருவருக்கும் கருத்து வேறுபாடு வர வழியில்லை.

இப்போதைய சிக்கலுக்கு, பேசிய பில்லிங் பகுதியை முதலில் குறையில்லாமல் ஒப்படைத்து அதற்கான பணத்தைக் கேளுங்கள். வெள்ளிக் கணக்கு இரண்டாம் கட்டம், தனி விலை, தனி நாள். சாஃப்ட்வேர் துறையிலிருக்கும் என் மகள் ஒரு முறையைச் சொன்னாள். 1994-ல் டை கிளெக் என்பவர் வகுத்தது, 'மாஸ்கோ' என்று பெயர். கேட்பவற்றை எல்லாம் நான்காகப் பிரிக்க வேண்டும்: கட்டாயம் வேண்டும், வேண்டும், இருந்தால் நல்லது, இந்த முறை இல்லை. அந்த நான்காவது பிரிவைக் கேட்டதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம், என் இரண்டாம் பக்கம் அது. வியாபாரியோடு உட்கார்ந்து அவர் வாயாலேயே பிரிக்கச் சொல்லுங்கள். செல்போனில் வருவது அவராகவே 'இருந்தால் நல்லது' என்று தள்ளிவிடக் கூடும்.

கேள்வி: கல்யாணச் சமையல் ஆர்டர் எடுக்கிறோம். இலைக்கு இவ்வளவு என்று பேசினாலும் பில் கொடுக்கும்போது தகராறு வருகிறது.
– வாசகர், தாரமங்கலம்

பதில்: இலையை யார் எண்ணுவது என்று எழுதுங்கள், இரு தரப்பிலும் ஒருவர் நின்று ஒவ்வொரு பந்திக்கும் எண்ணிக் குறிப்பதே நல்லது. குறைந்தபட்ச இலை எத்தனை, கூட்டம் கூடினால் எத்தனை இலை வரை சமாளிப்பீர்கள், மேளக்காரர், போட்டோகிராபர், டிரைவர்கள் சாப்பிடுவது கணக்கில் வருமா என்பதையும் எழுதுங்கள். தண்ணீர் பாட்டில், ஐஸ்கிரீம், பீடா, காஸ், பரிமாறும் ஆட்கள், பாத்திர வாடகை, மண்டபத்தைச் சுத்தம் செய்வது, இவை ஒவ்வொன்றும் யார் தலையில் என்று எழுதினாலே முக்கால்வாசித் தகராறு போய்விடும். பொருள் வாங்குவதற்கு எத்தனை நாள் முன்பு எண்ணிக்கையை இறுதி செய்ய வேண்டும் என்பதையும் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: பெரியப்பா மகனுக்கு வீடு கட்டிக் கொடுக்கப் போகிறேன். விவரத்தை எழுதிக் கையெழுத்துக் கேட்டால் "எங்கிட்டயேவா?" என்று முகம் மாறுகிறது. பெரியம்மாவுக்கும் வருத்தம்.
– வாசகர், ஓமலூர்

பதில்: சொந்தக்காரர் வேலைக்குத்தான் இன்னும் விவரமாக எழுத வேண்டும். வெளியாளோடு தகராறு வந்தால் அந்த வேலையோடு போய்விடும். அண்ணனோடு வந்தால் அடுத்த காதுகுத்துக்கு யார் வருவார்கள், யார் வரமாட்டார்கள் என்பது வரை போகும்.

கையெழுத்தை முதலில் கேட்காதீர்கள். "அண்ணா, நீங்க சொன்னதுல ஒண்ணுகூட நான் மறந்துடக் கூடாது, எழுதிட்டு வந்திருக்கேன், படிக்கறேன், விட்டுப் போனதைச் சொல்லுங்க" என்று உட்காருங்கள். அண்ணனிடம் மட்டும் படிக்காதீர்கள். அண்ணியும் பெரியம்மாவும் பக்கத்தில் இருக்க வேண்டும். பணம் கொடுப்பவரோடு எல்லாவற்றையும் பேசி முடித்துவிட்டு, அடுப்படியில் நிற்கப் போகிறவரை டைல்ஸ் ஒட்டும் நாளில்தான் நாம் முதல்முறையாகச் சந்திக்கிறோம். மேடை உயரம் எவ்வளவு, கிரைண்டருக்கு இடம் எங்கே, சாமி ரூம் எந்தப் பக்கம், துணி காயப் போட மொட்டை மாடியா பின்பக்கமா, பெரியம்மாவுக்கு முட்டி வலி இருந்தால் கீழே மேற்கத்திய டாய்லெட்டா, எல்லாவற்றையும் அன்றைக்கே கேளுங்கள். அவர்கள் சொல்லச் சொல்ல அந்தத் தாளிலேயே திருத்துங்கள். அரை மணி நேரத்தில் அது அவர்களுடைய தாள் ஆகிவிடும், கையெழுத்துப் போட யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள்.

இன்னொன்று. சொந்தத்துக்காக விலை குறைப்பீர்கள், அது நியாயம்தான். ஆனால் குறைத்த விலையை மட்டும் எழுதாதீர்கள். முழு விலையை எழுதி, அதற்குக் கீழே கழிவு எவ்வளவு என்று தனி வரியில் எழுதுங்கள். இல்லையென்றால் குறைத்த விலையே உங்கள் வழக்கமான விலை என்றாகி, மேலே செய்யும் ஒவ்வொன்றையும் மறுபடி குறைக்கச் சொல்வார்கள். உங்கள் அன்பு எவ்வளவு என்பது அவர்களுக்கும் தெரியட்டுமே.

கேள்வி: வேலை முடிந்துவிட்டது என்பதை எப்படி முடிவு செய்வது? கிரகப்பிரவேசம் முடிந்து பல மாதங்களான பிறகும் இதைச் சரி செய், அதைச் சரி செய் என்று கூப்பிடுகிறார்கள். கடைசித் தவணையும் வரவில்லை.
– வாசகர், மேட்டூர்

பதில்: கிரகப்பிரவேசத்தை வேலை முடிந்த நாளாக வைத்துக்கொள்ளாதீர்கள். அது அவர்கள் முகூர்த்தம் பார்த்து வைத்த நாள். அன்றைக்குப் பாதி ஸ்விட்ச் போர்டு மாட்டியிருக்காது.

ஒப்படைக்கும் நாள் என்று தனியாக ஒன்று வையுங்கள். வீட்டுக்காரரோடு ஒவ்வொரு அறையாக நடந்து, கதவு உரசுகிறதா, ஜன்னல் தாழ்ப்பாள் விழுகிறதா, குழாய் சொட்டுகிறதா என்று பார்த்துக் குறைப் பட்டியல் எழுதுங்கள். டாய்லெட் தரையில் டைல்ஸ் போடுவதற்கு முன்பே தண்ணீர் கட்டி வைத்து, கீழே ஈரம் தெரிகிறதா என்று அவர் கண் முன்னால் சோதித்திருக்க வேண்டும். மொட்டை மாடிக்கும் அப்படியே. அந்தப் பட்டியலில் இருப்பவை முடிந்ததும் கடைசித் தவணை என்று ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். ஒரு சிறு பகுதியை, 5 சதவீதம் என்று வையுங்கள், ஒரு மழைக்காலம் கழிந்தபின் வாங்கிக்கொள்கிறேன் என்று நீங்களே சொல்லலாம். ஒழுகினால் வந்து நிற்பீர்கள் என்ற நம்பிக்கை அவர்களுக்கு வேண்டும், அதைக் கேட்பதில் தவறே இல்லை.

எது உங்கள் பொறுப்பு, எது பராமரிப்பு என்பதையும் பிரித்து எழுதுங்கள். புதுப் பூச்சு உலரும்போது மயிரிழை விரிசல்கள் வரும், ஒரு வருடம் கழித்து ஒருமுறை பட்டி பார்த்துத் தருகிறேன் என்று எழுதுங்கள். செங்கல் சுவரும் கான்கிரீட் தூணும் சேரும் இடத்தில் கம்பி வலை அடிக்காமல் பூசியதால் வரும் விரிசல் உங்களுடையது, அதற்கு எத்தனை முறை வேண்டுமானாலும் போக வேண்டும். மோட்டார் காயில் போனால் அது மோட்டார் கம்பெனியின் வாரண்டி.

இப்போது உங்களைக் கூப்பிடும் வீட்டுக்கும் இதையே செய்யுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போய், எல்லாக் குறையையும் ஒரே தடவையில் சொல்லச் சொல்லி எழுதுங்கள். உங்கள் தரப்பில் இருப்பதை ஒரே வாரத்தில் ஆள் அனுப்பி முடித்துவிட்டு, அதே தாளோடு கடைசித் தவணையைக் கேளுங்கள். போகும்போது பெயின்ட் ஷேடு நம்பர்கள், மிச்சமிருக்கும் டைல்ஸ் பெட்டி, வாரண்டி அட்டைகள், பூசுவதற்கு முன் சுவரில் பைப்பும் ஒயரும் எந்த வழியில் போகின்றன என்று எடுத்த போட்டோக்கள் எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொடுங்கள். போட்டோ எடுக்கவில்லையென்றால் பிளம்பரையும் எலக்ட்ரீஷியனையும் கூட்டிப்போய், ஆணி அடிக்கக் கூடாத இடங்களையாவது பிளானில் குறித்துக் கொடுத்துவிடுங்கள்.